இருட்டைத் தேடிய விஞ்ஞானி
வைணு பாப்புவின் வாழ்க்கை வரலாறு

அந்தக் காலத்தில் மணப்பாறைச் சந்தைக்கு மாடு ஓட்டி வந்தவர்களுக்கு வானம்தான் கடிகாரம். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்து நேரம் சொல்வார்கள். விடிவெள்ளி முளைத்ததும் வண்டியைப் பூட்டுவார்கள்.

இன்று அதே ரோட்டில் நின்று நிமிர்ந்து பாருங்கள். நாலைந்து நட்சத்திரம் தெரியும். மற்றவற்றை விளக்கு வெளிச்சம் விழுங்கிவிட்டது. ஊரைத் தாண்டிப் பொட்டல் வெளிக்குப் போனால் இன்னும் கொஞ்சம் தெரியும். அங்கிருந்தும் வடகிழக்கே பார்த்தால், திருச்சி நகரத்து வெளிச்சம் அடிவானத்தில் சாம்பல் பூசியதுபோல் இருக்கும்.

இருட்டு என்றால் நமக்குப் பயம். இருட்டு என்றால் துன்பம் என்று நினைக்கிறோம். ஆனால் அந்த இருட்டையே பெரிய செல்வமாக மதித்த ஒரு தமிழ்நாட்டு விஞ்ஞானி இருந்தார். நல்ல இருட்டைத் தேடி அவர் ஊர் ஊராக, மலை மலையாக அலைந்தார். கடைசியில் நம் ஜவ்வாது மலையிலே அதைக் கண்டுபிடித்தார்.

அவர்தான் வைணு பாப்பு.

நட்சத்திரங்களைப் படம் பிடித்து, உலகம் முழுவதும் பெயர் வாங்கிய அந்த மேதையின் கதையை இங்கே பார்ப்போம்.

சென்னையில் பிறந்தார்

வைணு பாப்பு 1927-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ந் தேதி சென்னையில் பிறந்தார். அவருடைய குடும்பத்தாரின் பூர்வீகம் கேரளத்தில் உள்ள தலச்சேரி. பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை.

தகப்பனாருக்கு ஐதராபாத்தில் வேலை. என்ன வேலை தெரியுமா? நிஜாமியா வான ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை! அதனால் வைணுவின் இளமைப் பருவம் ஐதராபாத்தில் கழிந்தது.

அப்போது அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு பெரிய காரியம் நடந்துகொண்டிருந்தது. உலகத்தில் உள்ள பல ஆராய்ச்சிக்கூடங்கள் ஒன்று சேர்ந்து, வானம் முழுவதையும் போட்டோ எடுக்கத் தீர்மானித்திருந்தன. வயல்களைப் பங்கு பிரிப்பது போல வானத்தைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஐதராபாத்துக்கும் ஒரு பங்கு கிடைத்தது. இரவு தோறும் படம் எடுத்தார்கள். பகலில் அந்தப் படங்களில் உள்ள புள்ளிகளை ஒவ்வொன்றாக அளந்து எழுதினார்கள். இப்படி ஐதராபாத்தில் மட்டும் 7 லட்சத்துக்கும் அதிகமான நட்சத்திரங்களுக்குக் கணக்கு எழுதப்பட்டது.

தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு உளியும், குயவர் வீட்டுப் பிள்ளைக்குச் சக்கரமும் தானாகப் பழகிவிடும். வைணுவுக்கு டெலஸ்கோப் அப்படிப் பழகியது.

கல்லூரி மாணவர்

ஐதராபாத் நிஜாம் கல்லூரியில் வைணு படித்தார். படிப்பில் கெட்டிக்காரர். பேச்சுப் போட்டி, விளையாட்டு எல்லாவற்றிலும் முன்னால் நிற்பார். ஓவியமும் கவிதையும் அவருக்குப் பிடிக்கும்.

மற்ற மாணவர்கள் தூங்கும் நேரத்தில் வைணு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சில நட்சத்திரங்கள் எப்போதும் ஒரே மாதிரி பிரகாசிப்பதில்லை. சில நாள் மங்கும். சில நாள் சுடர் விடும். அத்தகைய நட்சத்திரங்களைக் கவனித்துக் குறிப்பு எழுதினார். மாணவராக இருக்கும்போதே ஆராய்ச்சிக் கட்டுரைகளும் வெளியிட்டார்.

பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தில் எம்.எஸ்சி. பட்டம் பெற்றார்.

மேல்படிப்புக்கு அமெரிக்கா போக வேண்டும் என்பது அவர் ஆசை. ஐதராபாத் அரசாங்கம் உபகாரச் சம்பளம் கொடுத்தது. 1949-ம் ஆண்டு அவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 21.

வால் நட்சத்திரம் சிக்கியது!

அமெரிக்கா போன சில மாதங்களிலேயே அதிசயம் நடந்தது.

1949-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி. வானத்தைப் படம் எடுத்த ஒரு கண்ணாடித் தகட்டை வைணு சோதித்துக்கொண்டிருந்தார். அதில் இருக்கக்கூடாத ஒன்று இருந்தது. அது நட்சத்திரம் அல்ல. அதுவரை யாரும் பார்த்திராத ஒரு வால் நட்சத்திரம்!

அவருடைய ஆசிரியர் பார்ட் போக், சக மாணவர் கார்டன் நியூகிர்க் ஆகிய இருவரும் அவரோடு சேர்ந்து அதை ஆராய்ந்தார்கள். மூவருடைய பெயரும் அதற்கு வைக்கப்பட்டது. பாப்பு-போக்-நியூகிர்க் வால் நட்சத்திரம் என்று அது பெயர் பெற்றது. பசிபிக் வானவியல் சங்கம் வைணு பாப்புவுக்குப் பதக்கம் கொடுத்துக் கவுரவித்தது.

வெறும் கண்ணுக்குத் தெரியாத வால் நட்சத்திரம் போட்டோவில் எப்படித் தெரிந்தது? இதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் கண் ஒரு கண நேரத்தில் வந்த வெளிச்சத்தை மட்டும் காட்டும். அடுத்த கணம் பழையதை விட்டுவிடும். போட்டோ தகடு அப்படி அல்ல. மழை நீர் அண்டாவில் சொட்டுச் சொட்டாகச் சேருவதுபோல, வெளிச்சம் அதில் சேர்ந்துகொண்டே போகும். பத்து நிமிஷம், அரை மணி, ஒரு மணி என்று கேமராவைத் திறந்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத மங்கலான நட்சத்திரமும் தகட்டில் பதிந்துவிடும்.

அந்தக் காலத்துத் தகடு என்பது ஒரு கண்ணாடிச் சட்டம். அதன்மேல் வெள்ளி உப்பு கலந்த பசை பூசியிருக்கும். வெளிச்சம் பட்ட இடம், மருந்தில் கழுவியதும் கறுத்துவிடும். எனவே தகட்டில் வானம் வெள்ளையாகவும், நட்சத்திரங்கள் கறுப்புப் புள்ளிகளாகவும் தெரியும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பூமி சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆகவே நட்சத்திரங்கள் கிழக்கிலிருந்து மேற்கே நகர்வதுபோல் தோன்றும். டெலஸ்கோப்பும் அதே வேகத்தில் மெல்லத் திரும்ப வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் புள்ளி கோடாகிவிடும். அதற்காக விஞ்ஞானி குளிரில், இருட்டில், கண்ணை எடுக்காமல் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்.

நிலாவும் விளக்கும்

இவ்வளவு பாடுபட்டாலும் படத்தைக் கெடுக்க இரண்டு பேர் உண்டு. ஒருவர் நிலா. இன்னொருவர் ஊர் விளக்கு.

மண் ரோட்டில் பஸ் வரும்போது பார்த்திருப்பீர்கள். புழுதி கிளம்பும். பஸ் விளக்கின் வெளிச்சம் அந்தப் புழுதியில் பட்டு, எதிரே வெள்ளைத் திரை கட்டியதுபோல் ஆகிவிடும். அதற்கு அப்பால் நிற்கும் ஆளைக் கூடத் தெரியாது. வானத்திலும் இதே கதைதான். காற்றில் தூசியும் ஈரமும் நிறைந்திருக்கின்றன. நிலா வெளிச்சம் அவற்றின் மேல் பட்டு நாலா பக்கமும் சிதறுகிறது. வானம் முழுவதும் வெள்ளைத் திரை விழுந்துவிடுகிறது.

பௌர்ணமி நிலாவின் வெளிச்சம், சூரிய வெளிச்சத்தில் 4 லட்சத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனாலும் மங்கலான நட்சத்திரங்களை மறைக்க அது போதும். தகட்டை அதிக நேரம் திறந்து வைத்தால் நட்சத்திர வெளிச்சத்தோடு நிலா வெளிச்சமும் சேர்ந்து, தகடு முழுவதும் கறுத்துப் போகும்.

நிலாவாவது பரவாயில்லை. மாதம் ஒருமுறை அமாவாசை வரும். ஆனால் ஊர் விளக்குக்கு அமாவாசை கிடையாது. அது ஆண்டு முழுவதும் எரிகிறது.

டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு, வைணு பாப்பு இதை நேரிலேயே பார்க்க முடிந்தது. 1952-ம் ஆண்டு ஹார்வர்டில் அவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. பிறகு கார்னிகி உபகாரச் சம்பளம் பெற்று, கலிபோர்னியாவில் உள்ள மவுண்ட் வில்சன், பலோமர் ஆராய்ச்சிக்கூடங்களுக்குப் போனார்.

மவுண்ட் வில்சன் மலையில் 100 அங்குல டெலஸ்கோப் இருந்தது. ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரியது அதுதான். ஆனால் மலைக்குக் கீழே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் பெருகியது. விளக்குகள் பெருகின. வானம் வெளுத்தது. ஏராளமான பணத்தில் கட்டிய டெலஸ்கோப்புக்கு, பார்க்க இருட்டு இல்லாமல் போயிற்று!

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. எதிரி விமானங்களுக்குப் பயந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் விளக்குகளை அணைத்தார்கள். அந்தச் சமயத்தில் அங்கே வால்டர் பாடே என்ற விஞ்ஞானி இருந்தார். ஜெர்மனியில் பிறந்தவர் என்பதால், அவரை யுத்த வேலைக்குச் சேர்க்கவில்லை. அவர் சும்மா இருக்கவில்லை. 1943-ம் ஆண்டு, அந்த இருட்டைப் பயன்படுத்தி ஆந்திரோமீடா என்ற நட்சத்திர மண்டலத்தின் நடுப்பகுதியைப் படம் எடுத்தார். அதுவரை வெறும் புகைபோல் தெரிந்த இடத்தில் தனித்தனி நட்சத்திரங்கள் தெரிந்தன!

டெலஸ்கோப் அதேதான். மலையும் அதேதான். விளக்கு அணைந்தது, வானம் தெரிந்தது.

யுத்தம் முடிந்தபின் 200 அங்குல டெலஸ்கோப்பை, நகரத்துக்குத் தொலைவில் உள்ள பலோமர் மலையில் திறந்தார்கள். டெலஸ்கோப் வாங்கும் முன் இருட்டைத் தேட வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு மலைகளே சாட்சி.

புதிய கண்டுபிடிப்பு

கலிபோர்னியாவில் வைணு பாப்பு செய்த ஆராய்ச்சிதான் அவருக்கு அழியாத புகழைத் தேடித் தந்தது.

இரவில் தூரத்தில் ஒரு விளக்கு தெரிகிறது. அது பக்கத்தில் இருக்கும் சிம்னி விளக்கா? வெகு தூரத்தில் இருக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்கா? பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. நட்சத்திரங்களிலும் இதே சந்தேகம் உண்டு. நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசம் தெரிந்தால்தான், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட முடியும்.

வைணு பாப்புவும், ஓலின் வில்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் சேர்ந்து இதற்கு வழி கண்டார்கள். நட்சத்திர வெளிச்சத்தை வானவில்போல் நிறம் நிறமாகப் பிரித்துப் படம் எடுத்தார்கள். அதில் கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து உண்டாக்கும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். அந்தக் கறுப்புக் கோட்டின் நடுவே மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று தெரியும். அந்த வெளிச்சக் கோடு எவ்வளவு அகலமோ, அவ்வளவுக்கு அந்த நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசம் அதிகம்!

1957-ம் ஆண்டு இது வெளியாயிற்று. வில்சன்-பாப்பு விளைவு என்று உலக விஞ்ஞானப் புத்தகங்களில் இடம் பெற்றது.

இத்தகைய ஆராய்ச்சியில் ஒரு சவுகரியமும் உண்டு. பிரகாசமான நட்சத்திரங்களை இப்படி நிறம் பிரித்துப் படம் எடுப்பதற்கு நிலா அவ்வளவாக இடைஞ்சல் செய்யாது. அதனால் வான ஆராய்ச்சிக்காரர்கள் மாதத்தைப் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். அமாவாசையை ஒட்டிய இரவுகள் மங்கலான பொருள்களுக்கு. பௌர்ணமியை ஒட்டிய இரவுகள் பிரகாசமான நட்சத்திரங்களுக்கு. நம் வீட்டில் பாட்டி பஞ்சாங்கம் பார்ப்பதுபோல அவர்களும் வளர்பிறை, தேய்பிறை பார்த்துத்தான் வேலை வகுப்பார்கள்!

தாய்நாடு திரும்பினார்

அமெரிக்காவில் பெரிய டெலஸ்கோப்புகள் இருந்தன. நல்ல சம்பளம் கிடைத்திருக்கும். இந்தியாவிலோ நட்சத்திரங்களை ஆராயத் தகுந்த பெரிய டெலஸ்கோப் கிடையாது. ஆனாலும் வைணு பாப்பு 1953-ம் ஆண்டு தாய்நாட்டுக்குத் திரும்பினார்.

உத்தரப் பிரதேச அரசாங்கம் 1954-ம் ஆண்டு காசி நகரத்தில் ஒரு வான ஆராய்ச்சிக்கூடம் தொடங்கியது. அதன் தலைமை விஞ்ஞானியாக அவர் நியமிக்கப்பட்டார்.

காசி கங்கைச் சமவெளியில் இருக்கிறது. புழுதி அதிகம். வான ஆராய்ச்சிக்கு அந்த இடம் ஏற்றதல்ல. எனவே ஆராய்ச்சிக்கூடம் இமயமலை அடுக்கில் உள்ள நைனிடால் என்ற ஊருக்கு மாற்றப்பட்டது. ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தை உண்டாக்கும் வேலையை வைணு பாப்பு அங்கேதான் கற்றார்.

கொடைக்கானலில்

1960-ம் ஆண்டு அவர் தமிழ்நாட்டுக்கு வந்தார். கொடைக்கானல் வான ஆராய்ச்சிக்கூடத்தின் டைரக்டர் பதவி அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 33கூட நிரம்பவில்லை.

சென்னையிலிருந்து ரயிலில் கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் திருச்சி, மணப்பாறை, திண்டுக்கல் வழியாகக் கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கி மலை ஏறுவார்கள். மலைமேல் 7,600 அடிக்கு மேலே அந்த ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது.

அது பழம்பெருமை உடையது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ம் ஆண்டில் கட்டிய நட்சத்திர பங்களாதான் அதன் தாய்வீடு. தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான மக்கள் மடிந்த பிறகு, சூரியனுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பை ஆராய வேண்டும் என்ற எண்ணம் உண்டாயிற்று. அதன் பயனாக 1899-ம் ஆண்டு கொடைக்கானலில் சூரிய ஆராய்ச்சிக்கூடம் தோன்றியது. 1904-ம் ஆண்டிலிருந்து அங்கே சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள்.

சூரியனுக்கு அந்த மலை நல்ல இடம். ஆனால் நட்சத்திரங்களுக்கு? மேகமும் மூடுபனியும் பல இரவுகளைக் கெடுத்துவிடும். ஆகவே வைணு பாப்பு வேறு இடம் தேடத் தொடங்கினார்.

ஜவ்வாது மலை கிடைத்தது!

இடம் தேடுவது சாதாரண வேலை அல்ல. பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதைவிடக் கஷ்டம்!

மேகம் இல்லாத இரவுகள் அதிகம் இருக்க வேண்டும். காற்று நிதானமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நட்சத்திரம் துடிக்கும், படம் கலங்கும். ஊர் வெளிச்சம் எட்டக்கூடாது. ஆனால் ஆட்களும் சாமான்களும் போய்ச் சேர வழி இருக்க வேண்டும். இன்னும் ஒன்று. பூமியின் தென் பாதியில் உள்ள வானமும் கூடிய மட்டும் தெரிய வேண்டும்.

பல இடங்களில் இரவு இரவாக வானத்தைச் சோதித்தார்கள். கடைசியில் காவலூர் என்ற சிறு மலைக் கிராமம் அகப்பட்டது.

காவலூர் ஜவ்வாது மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 அடி உயரத்தில் இருக்கிறது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலை ஏற வேண்டும். அன்று அது வடஆற்காடு மாவட்டம். இன்று திருப்பத்தூர் மாவட்டம். சுற்றிலும் காடு. இரவில் கும்மிருட்டு. பூமியின் நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள இடம் என்பதால், வடக்கு வானமும் தெற்கு வானத்தின் பெரும்பகுதியும் அங்கிருந்து தெரியும்.

1968-ம் ஆண்டு அங்கே முதல் டெலஸ்கோப் வேலை செய்ய ஆரம்பித்தது. அதன் அளவு 15 அங்குலம்தான். அது நம்மவர்களே செய்த டெலஸ்கோப். ஆரம்பம் சிறியதுதான். ஆனால் இருட்டு பெரியது!

1972-ம் ஆண்டு ஜெர்மனியில் செய்த 40 அங்குல டெலஸ்கோப் வந்து சேர்ந்தது. உடனே பலன் தெரிந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம், வியாழன் கிரகத்தின் சந்திரன்களில் ஒன்றான கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. அதைக் காவலூரில் கவனித்தார்கள். கானிமீடைச் சுற்றி மெல்லிய காற்று மண்டலம் இருப்பதற்கான அடையாளம் கிடைத்தது.

1977-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி இன்னொரு சம்பவம். யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் வந்தது. கிரகம் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் விட்டு விட்டு மங்கியது! சனிக் கிரகத்துக்கு இருப்பதுபோல யுரேனசுக்கும் வளையங்கள் உண்டு என்று இதனால் தெரிந்தது. உலகத்தில் சில இடங்களில்தான் இதைக் கவனித்தார்கள். அவற்றில் நம் காவலூரும் ஒன்று.

மலைக்காட்டுக் கிராமத்தின் பெயர் உலகமெங்கும் பரவியது.

பெரிய கனவு

வைணு பாப்புவுக்கு இது போதவில்லை.

1971-ம் ஆண்டு கொடைக்கானல், காவலூர் இரண்டும் சேர்ந்து இந்திய வான் பௌதிக நிலையம் என்ற தனி நிறுவனம் ஆயிற்று. அதன் தலைவர் வைணு பாப்பு. பிறகு தலைமை அலுவலகம் பெங்களூருக்குப் போயிற்று.

93 அங்குல டெலஸ்கோப் ஒன்றைக் கட்ட வேண்டும் என்று அவர் திட்டமிட்டார். 40 அங்குல டெலஸ்கோப்பைவிட அது ஐந்து மடங்கு அதிகமாக வெளிச்சம் சேர்க்கும். அதை வெளிநாட்டில் விலைக்கு வாங்கி வந்து நிறுத்துவது சுலபம். அவர் அப்படிச் செய்யவில்லை. இந்தியர்களே திட்டம் போட வேண்டும், இந்தியர்களே கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்ற வேண்டும், இந்தியத் தொழிற்சாலையிலேயே கட்ட வேண்டும் என்று முடிவு செய்தார்.

கண்ணாடியைத் தேய்ப்பது என்றால் சாமானியமா? அம்மிக்கல் கொத்துவது போன்ற வேலை அல்ல. மனிதனுடைய தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் படம் கெட்டுவிடும். அளப்பதும் தேய்ப்பதும், மறுபடி அளப்பதும் தேய்ப்பதுமாக ஆண்டுக்கணக்கில் வேலை நடந்தது.

அவரைத் தேடிப் பெருமைகள் வந்தன. 1970-ம் ஆண்டு பட்நாகர் பரிசு. 1981-ம் ஆண்டு பத்மபூஷண் விருது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1979-ம் ஆண்டு சர்வதேச வானவியல் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

பார்க்காமலே போய்விட்டார்

1982-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அந்தச் சங்கத்தின் பெரிய மாநாடு கிரேக்க நாட்டில் பத்ராஸ் நகரத்தில் கூடியது. தலைவர் என்ற முறையில் வைணு பாப்பு அங்கே இருக்க வேண்டும். ஆனால் அவர் இல்லை.

அவருக்கு இருதய நோய். ஜெர்மனியில் மூனிச் நகரத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. அவர் பிழைக்கவில்லை. மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே, ஆகஸ்டு 19-ந் தேதி காலமானார். அவருடைய 55-வது பிறந்த நாள் கழிந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

காவலூரில் அவருடைய பெரிய டெலஸ்கோப் இன்னும் முடியவில்லை. அதன் வழியாக ஒரு நட்சத்திரத்தையாவது பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அவர் வளர்த்துவிட்ட விஞ்ஞானிகள் வேலையை நிறுத்தவில்லை. 1985-ம் ஆண்டு டெலஸ்கோப் தயாராகிவிட்டது. 1986-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்தார். டெலஸ்கோப்புக்கும் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது.

1988-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி காவலூரில் எடுத்த போட்டோவில் புதிய சிறு கிரகம் ஒன்று சிக்கியது. ராஜமோகன் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. 1949-ல் ஒரு மாணவர் போட்டோ தகட்டில் வால் நட்சத்திரம் கண்டார். 39 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் தேர்ந்தெடுத்த மலையில், அதே முறையில் ஒரு கிரகம் கிடைத்தது!

வானத்தில் இன்னொரு சிறு கிரகத்துக்கு வைணு பாப்பு என்றே பெயர் இருக்கிறது.

மலைக்கு வந்த ஆபத்து

இப்போது காவலூருக்கும் பழைய கதை திரும்பி வந்துவிட்டது.

மலையைச் சுற்றிலும் உள்ள ஊர்கள் வளர்ந்துவிட்டன. ரோடுகளில் விளக்கு, கடைகளில் விளக்கு, தொழிற்சாலைகளில் விளக்கு. மக்களுக்கு வெளிச்சம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வெளிச்சத்தில் ஒரு பகுதி தரைக்கு வராமல் வீணாக மேலே போகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தால் மவுண்ட் வில்சனுக்கு வந்த கஷ்டம் நம் மலைக்கும் வருகிறது.

இந்தியாவின் அடுத்த பெரிய டெலஸ்கோப்புக்காக விஞ்ஞானிகள் வெகு தூரம் போக வேண்டியிருந்தது. லடாக்கில், சுமார் 14,800 அடி உயரத்தில் உள்ள ஹான்லே என்ற இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே 2000-ம் ஆண்டு 80 அங்குல டெலஸ்கோப் தொடங்கப்பட்டது. அதற்கு விஞ்ஞானி சந்திரசேகர் பெயரைச் சூட்டினார்கள். திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமனுடைய அண்ணன் மகன்தான் அந்தச் சந்திரசேகர்.

2022-ம் ஆண்டு டிசம்பரில் ஹான்லே பகுதி இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. காட்டு மிருகங்களைக் காப்பதுபோல அங்கே இருட்டைக் காக்கிறார்கள்! வீட்டு ஜன்னல்களுக்குக் கனத்த திரை போடுகிறார்கள். விளக்குகளுக்கு மேலே மூடி போடுகிறார்கள். கிராமத்து ஆண்களும் பெண்களும் டெலஸ்கோப்பைக் கையாளக் கற்றுக்கொண்டு, வருகிறவர்களுக்கு நட்சத்திரம் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். இருட்டு அவர்களுக்குச் சோறு போடுகிறது.

இன்று கண்ணாடித் தகடுகள் போய்விட்டன. மின்சாரக் கேமராக்கள் வந்துவிட்டன. வெளிச்சம் நிறைந்த வானத்திலும் ஓரளவு படம் எடுக்க வழி இருக்கிறது. ஒரே படத்தை நீண்ட நேரம் எடுக்காமல், சிறு சிறு படங்களாக நூற்றுக்கணக்கில் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். குறிப்பிட்ட நிறத்தை மட்டும் உள்ளே விடும் கண்ணாடியைக் கேமராவுக்கு முன்னால் வைத்து, விளக்கு வெளிச்சத்தை வடிகட்டுகிறார்கள். பழைய மஞ்சள் விளக்கை வடிகட்டுவது சுலபம். அதில் பெரும்பாலும் ஒரு சில நிறங்களே உண்டு. புதிய வெள்ளை விளக்கில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது, வடிகட்டுவது கஷ்டம். எந்த வித்தை செய்தாலும் நல்ல இருட்டுக்கு அது ஈடாகாது.

நாம் என்ன செய்யலாம்?

வாசல் விளக்கின் வெளிச்சம் தரையில் விழும்படி மேலே ஒரு மூடி போடலாம். அவ்வளவுதான். வெளிச்சம் குறையாது, தரைக்குத்தான் கூடுதலாகக் கிடைக்கும். வேண்டாத விளக்கைப் படுக்கப் போகுமுன் அணைத்துவிட்டால் மின்சாரச் செலவும் மிச்சம்.

வருகிற அமாவாசை இரவில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு களத்துமேட்டுக்குப் போங்கள். டார்ச் விளக்கை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் பொறுத்திருங்கள். கண் இருட்டுக்குப் பழக வேண்டும். மேகம் இல்லாவிட்டால், முதலில் பத்து நட்சத்திரம் தெரியும். பிறகு நூறு தெரியும். பங்குனி, சித்திரை மாதத்துப் பின்னிரவானால் ஆகாய கங்கையும் தெரியலாம். கையில் போன் இருந்தால், அதை ஒரு கல்லின்மேல் அசையாமல் வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரம் படத்தில் தெரியலாம்.

பிறகு, வைணு பாப்புவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.